கோலார் தங்கவயல்: ஒரு தொகுதியின் தேர்தல் வரலாறு

சொந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்திற்குப் பிழைப்பை நாடிச் சென்ற மக்கள் அங்கே வேரூன்றிவிட்டார்கள் என்பதை எதைக் கொண்டு அளப்பது? அவர்கள் கட்டிய வீட்டைக் கொண்டு அளக்கலாம். எழுப்பிய கோயிலைக் கொண்டும், பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளியைக் கொண்டும் அளக்கலாம். இவற்றோடு இன்னொரு அளவுகோலும் உண்டு. அந்த மாநிலத்து வாக்காளர் பட்டியலில் அவர்களுடைய பெயர் ஏறி, அந்த மாநிலத்துச் சட்டசபைக்கு அவர்கள் தம் கருத்துக்கிசைந்த ஒருவரை அனுப்பும் நாள் வருகிறதே, அன்றே அவர்கள் விருந்தாளி என்ற நிலை நீங்கிக் குடிமக்கள் ஆகிறார்கள். வீடும் கோயிலும் பணத்தால் அமையக்கூடியவை. வாக்குரிமையோ சட்டத்தால் வருவது. அதைப் பயன்படுத்தும் முறையோ மக்களின் அறிவினால் வருவது.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழர்கள் இந்த உரிமையை நீண்ட காலமாகக் கையாண்டு வந்திருக்கும் இடங்களுள் ஒன்று, கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த கோலார் தங்கவயல் தொகுதி. அந்த ஒரு தொகுதியின் தேர்தல் வரலாற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். அதிலே தொழிலாளர் இயக்கத்தின் வரலாறு இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் எழுச்சி இருக்கிறது. சாதி, சமயம், சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட ஒரு பெரிய வழக்கும் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் ஒரு சமூகத்தின் குரலுக்கு என்ன நேர்கிறது என்பதையும் அங்கே காணலாம்.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திரமும் தமிழ்நாடும் அண்மையில் நிற்கும் எல்லைப் பகுதியில் தங்கவயல் அமைந்திருக்கிறது. 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயக் கம்பெனியார் இங்கே பெரிய அளவில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினார்கள். மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இங்கே கொண்டுவரப்பட்டது. இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவும் எண்ணெய் விளக்கோடு இருந்த நாளிலேயே தங்கவயலில் மின்விளக்கு எரிந்தது. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்குச் சென்றது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் அங்கிருந்து வெளியே வந்தது.

அந்த ஆழத்தில் இறங்கிப் பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள்; அவர்களிலும் மிகப் பலர் ஆதிதிராவிட சமூகத்தைச் சேர்ந்த தமிழர்கள். கிராமத்தில் நிலமும் இல்லை, மதிப்பும் இல்லை என்ற நிலையில் அவர்கள் இங்கே வந்தார்கள். சுரங்கத்திலோ உயிருக்கு உத்தரவாதம் இல்லை. பாறை திடீரென வெடித்துச் சரியும். கல் தூசி நுரையீரலை அரிக்கும். ஆயினும் மாதம் பிறந்தால் கூலி என்ற ஒன்று கையில் வந்தது. ஊரில் ஆண்டையின் முன் குனிந்து நின்றவன் இங்கே தொழிலாளி என்ற பெயரைப் பெற்றான். அந்த மாறுதலைச் சிறிதென்று எண்ணிவிடக்கூடாது. பண்டித அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் கிளைவிட்டது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை அவருடைய காலத்திற்குப் பின் 1926ஆம் ஆண்டில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவரலாயிற்று. ஆகவே, வாக்குச்சீட்டு கைக்கு வருவதற்கு வெகு காலம் முன்னரே அம்மக்கள் படிக்கவும், கூடிப் பேசவும், எதிர்த்துக் கேட்கவும் பழகியிருந்தார்கள்.

எதிர்த்துக் கேட்டதற்கு ஓர் உதாரணம் சொல்லவேண்டும். 1930ஆம் ஆண்டில், சுரங்கத் தொழிலாளர் ஒவ்வொருவரும் விரல் ரேகையைப் பதிவு செய்யவேண்டும் என்று ஒரு விதி வந்தது. குற்றவாளிகளைப் போலத் தங்களை நடத்துவதா என்று தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்நாளில் அவர்களுக்கு அங்கீகாரம் பெற்ற சங்கம் இல்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போக மறுத்தனர். முடிவில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வந்த தேர்தல்களின் பொருள் நன்கு விளங்கும். கம்பெனியின் பதிவேட்டில் விரலை அழுத்த மறுத்த அதே ஊர் மக்கள், சுதந்திர இந்தியாவின் தேர்தல்களில் வாக்குச்சாவடியின் முன் வரிசையில் நின்று தாமாகவே விரலை நீட்டினார்கள். விரலில் படிந்தது இரண்டு இடத்திலும் மைதான். முன்னது அவர்களை எண்ணாக மாற்ற வந்த மை. பின்னது அவர்களை ஆட்சியில் பங்குடையவர்களாக ஆக்கிய மை. 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் நாடெங்கும் வாக்காளர் விரலில் இடப்படும் அழியாத மை, தங்கவயல் இருக்கும் அதே மாநிலத்தில், மைசூர் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில்தான் தயாராகி வருகிறது என்பதையும் இங்கே நினைவு கூரலாம்.

மன்னராட்சிக் காலத்து மைசூரில் 1881 முதலே பிரதிநிதி சபை என்று ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அது நிலமுடையோரும் வணிகரும் முதலில் இடம்பெற்ற சபை. சுரங்கத் தொழிலாளிக்கு அங்கே வழியில்லை. சொத்து, கல்வி, சாதி, பால் என்ற வேற்றுமை பாராமல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது நம் குடியரசின் அரசியல் சட்டமே. அதன்படி நடந்த முதல் பொதுத் தேர்தலில், 1952இல், மைசூர் மாநிலமெங்கும் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. தங்கவயலோ கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவர் கே. எஸ். வாசனைச் சட்டசபைக்கு அனுப்பியது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே கட்சியின் எம். சி. நரசிம்மன் இங்கே வெற்றி பெற்றார்.

இந்தத் தொடக்க காலத்தில் தங்கவயலில் இரண்டு பெரிய சக்திகள் இருந்தன. ஒன்று, கூலியையும் பாதுகாப்பையும் முன்வைத்த செங்கொடிச் சங்கம். மற்றொன்று, டாக்டர் அம்பேத்கரின் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனமும், 1957க்குப் பின் அதன் வாரிசாக வந்த குடியரசுக் கட்சியும். அம்பேத்கர் அவர்களே 1954ஆம் ஆண்டில் தங்கவயலுக்கு வந்திருக்கிறார். ஒரே வீட்டில் அண்ணன் சங்கத்திலும் தம்பி குடியரசுக் கட்சியிலும் இருக்கக்கூடிய ஊர் இது. தொழிலாளி என்ற முறையில் வாக்களிப்பதா, சாதியால் ஒடுக்கப்பட்டவன் என்ற முறையில் வாக்களிப்பதா என்ற கேள்வியே அந்நாளைய தேர்தல்களின் உயிர்நாடியாக விளங்கியது. தமிழன் என்ற முறையில் வாக்களிப்பது என்ற கேள்வி அன்று முன்னணியில் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். வாசன், நரசிம்மன் ஆகியோரை அவர்கள் தேர்ந்தெடுத்தது, மொழியைக் கேட்டு அன்று. சுரங்க வாசலில் அவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதைப் பார்த்து.

இதற்கிடையே ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. 1956ஆம் ஆண்டில் மைசூர் சர்க்கார் சுரங்கங்களைத் தேசீயமயமாக்கிற்று. அதுவரை முதலாளி லண்டனில் இருந்தார். இனி முதலாளி பெங்களூரில் இருந்தார். தங்கவயல் அங்கத்தினர் சட்டசபையில் எழுந்து, கூலி ஏன் உயரவில்லை என்று கேட்டால், மந்திரி நேரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். வாக்குக்கும் வயிற்றுக்கும் இடையே இவ்வளவு நெருங்கிய தொடர்பு இத்தொகுதிக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. 1962இல் சுரங்கங்கள் மத்திய சர்க்காரின் கைக்கு மாறின; 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி என்ற பெயரில் பொதுத்துறை நிறுவனம் ஆயின. அதன் பிறகு முதலாளி டில்லியில். சட்டசபை அங்கத்தினரால் குடிதண்ணீருக்கும் சாலைக்கும் போராட முடியும். சுரங்கத்தின் தலைவிதியைப் பற்றிக் கோரிக்கை விடுக்கத்தான் முடியும். தொகுதியின் ஒரே பெரிய பிரச்சினை, அந்தத் தொகுதியின் அங்கத்தினருடைய அதிகாரத்திற்கு வெளியே போய்விட்டது. பின்னாளைய பல ஏமாற்றங்களுக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

இனி, முன்னே குறிப்பிட்ட வழக்கிற்கு வருவோம். இந்திய சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்கு அது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தங்கவயல், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியாக இருந்தது. எஸ். ராஜகோபால் வெற்றி பெற்றார். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சி. எம். ஆறுமுகம் நீதிமன்றத்தை நாடினார். இவர் அம்பேத்கர் இயக்கத்தில் வளர்ந்தவர். இத்தொகுதியின் சட்டசபை அங்கத்தினராகவும் விளங்கியவர். அவருடைய வாதம் இது: ராஜகோபால் ஆதிதிராவிட இந்துவாகப் பிறந்தவர், ஆனால் 1949இல் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார், ஆகவே ஒதுக்கப்பட்ட இடத்தில் போட்டியிட அவருக்கு உரிமையில்லை. தாம் மீண்டும் இந்து சமயத்திற்கு வந்துவிட்டதாக ராஜகோபால் பதிலுரைத்தார். மைசூர் உயர்நீதிமன்றம் தேர்தலைச் செல்லாதென்றது. உச்சநீதிமன்றமும் 1968இல் அதை உறுதி செய்தது. சமயம் மாறித் திரும்பியதை ஏற்றுக்கொண்டாலும், அந்தச் சாதியார் அவரைத் தம்முள் ஒருவராக மீண்டும் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று போதவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

கதை அத்தோடு முடியவில்லை. 1972ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே தொகுதியில் அதே இருவரும் மறுபடியும் எதிரெதிரே நின்றனர். மக்கள் மறுபடியும் ராஜகோபாலையே தேர்ந்தெடுத்தனர். ஆறுமுகம் மறுபடியும் வழக்குத் தொடுத்தார். இந்த முறை முடிவு வேறாயிற்று. 1975 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில், ராஜகோபாலின் தேர்தல் செல்லும் என்றது. சமயம் மாறிய உடனே சாதி முற்றிலும் அற்றுப்போகிறது என்று பொதுவிதியாகச் சொல்ல முடியாது. அது அந்தந்தச் சமூகத்தின் அமைப்பையும் வழக்கத்தையும் பொறுத்தது. திரும்பி வந்தவனைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் அவன் மீண்டும் அச்சாதியைச் சேர்ந்தவனே என்று அத்தீர்ப்பு கூறிற்று. ஏற்றுக்கொண்டதற்கு என்ன அடையாளம்? ஆதிதிராவிடர் கோயில் ஒன்றின் சுவருக்கு அடிக்கல் நாட்ட அவரை அழைத்திருந்தார்கள். அவர்களுடைய மாநாடுகளில் அவர் முன்னின்றார். அவருடைய குழந்தைகள் பள்ளிப் பதிவேட்டில் ஆதிதிராவிட இந்துக்கள் என்றே பதிவாகியிருந்தனர். இத்தகைய எளிய வாழ்க்கைச் செய்திகளே பெரிய நீதிமன்றத்தின் முன் சான்றுகளாக நின்றன.

இந்த இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கசப்பான உண்மை புலப்படுகிறது. ஒருவன் யார் என்பதை அவனே சொல்லிவிட முடியாது. ஊர் சொல்லவேண்டும், பதிவேடு சொல்லவேண்டும், முடிவில் நீதிபதி சொல்லவேண்டும். சாதியின் இழிவிலிருந்து தப்புவதற்காகச் சமயம் மாறியவன், சாதியின் பேரால் வழங்கப்படும் பாதுகாப்பை இழக்கிறான். தப்பிய இழிவு உண்மையிலேயே தப்பியதா என்று கேட்பாரில்லை. வெளிமாநிலத் தமிழர்கள் இதைத் தம் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் அட்டவணை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் அட்டவணையில் உள்ளவர் வேறு மாநிலத்தில் குடியேறியதும் அந்தச் சலுகையைத் தாமாகவே உடன் கொண்டு செல்ல முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990இல் தீர்ப்புரைத்தது. தங்கவயலில் ஆதிதிராவிடர் என்ற பெயர் மைசூர் அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்தது. ஆதலால் அங்கே குடியேறியோரின் வழிவந்தவர்கள் ஒதுக்கப்பட்ட இடத்தில் போட்டியிட முடிந்தது. ஒரு சொல் ஒரு பட்டியலில் இருப்பதும் இல்லாததும் ஒரு சமூகத்தின் அரசியல் வாழ்வையே மாற்றிவிடும்.

எண்பதுகளில் தங்கவயலின் வாக்கு வேறொரு திசையில் திரும்பிற்று. 1982இல் கர்நாடகமெங்கும், பள்ளிகளில் கன்னடத்திற்கு முதலிடம் கோரிய கோகாக் கிளர்ச்சி நடந்தது. மொழி என்பது திடீரென அன்றாட வாழ்வின் கேள்வி ஆயிற்று. 1983 ஜனவரியில் தேர்தல் வந்தது. மாநிலமெங்கும் ஜனதா அலை வீசிற்று. தங்கவயலிலோ அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் எம். பக்தவத்சலம் வெற்றி பெற்றார். கர்நாடகச் சட்டசபையில் அக்கட்சிக்கு அப்போது கிடைத்த இடம் அது ஒன்றே. இதற்கு மொழியுணர்ச்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எம்.ஜி.ஆர். என்ற பெயருக்குத் தங்கவயலில் இருந்த செல்வாக்கை யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆனால், மொழி ஒன்றே வாக்கைத் தீர்மானித்திருக்குமானால் அடுத்து நடந்தது நடந்திருக்காது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1985இல், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் டி. எஸ். மணியை அத்தொகுதி தேர்ந்தெடுத்தது. 1989இல் மீண்டும் பக்தவத்சலம். 1994இல் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன், 1999இல் மூன்றாம் முறையாகப் பக்தவத்சலம், 2004இல் மறுபடியும் ராஜேந்திரன். 1983 முதல் 2004 வரை நடந்த 6 தேர்தல்களில் காங்கிரசோ, ஜனதாவோ, பாரதீய ஜனதாவோ ஒரு முறைகூட இங்கே வெல்லவில்லை. மாநிலத்தை ஆள மாறி மாறி வந்த கட்சிகள் எல்லாம் தங்கவயலின் வாசலில் தோற்றன. செங்கொடி, நீலக்கொடி, இரட்டை இலை என்று மூன்றினிடையே மக்கள் மாறி மாறி வாக்களித்தார்கள். எவரையும் தொடர்ந்து இரண்டு முறை அனுப்பவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இதை நிலையற்ற மனம் என்று சிலர் கூறுவர். கணக்குக் கேட்கும் மனம் என்று கூறுவதே பொருந்தும்.

எனினும் இதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த ஆண்டுகளில் ஆளுங்கட்சியின் வரிசையில் தங்கவயல் அங்கத்தினர் உட்கார்ந்ததில்லை. தன்மானத்துக்கு இசைந்த பிரதிநிதி கிடைத்தார். மந்திரிசபையில் குரல் கிடைக்கவில்லை. இந்த இரண்டில் எது பெரிது? சிறுபான்மையாக வாழும் எந்த மக்களும் என்றாவது ஒரு நாள் சந்தித்தே தீரவேண்டிய கேள்வி இது. தங்கவயல் மக்கள் நெடுங்காலம் முன்னதையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவர்கள் கையை மீறிய இரண்டு நிகழ்ச்சிகள் இந்நிலையை மாற்றின. முதலாவது, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஆழத்திலிருந்து எடுக்கும் தாதுவில் பொன்னின் அளவு குறைந்துவிட்டது. எடுக்கும் செலவோ ஏறிவிட்டது. முடிவு டில்லியில் ஆயிற்று. சட்டசபை அங்கத்தினர் எந்தக் கட்சியினராக இருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அன்று முதல் தங்கவயலின் இளைஞர் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்தும் சாம்பியனிலிருந்தும் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். பலர் அங்கேயே குடிபெயர்ந்துவிட்டார்கள். சங்கம் என்பது ஒரே வாசலில் வேலைக்கு நுழைபவர்களால் ஆவது. வாசல் மூடப்பட்டபின், ஆயிரம் வாசல்களில் சிதறியவர்களை எந்தச் சங்கம் ஒன்றுசேர்க்கும்? செங்கொடியின் வாக்கு தேய்ந்ததற்குக் கொள்கைத் தோல்வியைக் காரணம் சொல்வதைவிட, இந்தச் சிதறலைக் காரணம் சொல்வதே நேர்மை.

இரண்டாவது நிகழ்ச்சி, தொகுதி எல்லைகளின் மறுவரையறை. 2001ஆம் ஆண்டு மக்கட்கணக்கை அடிப்படையாகக் கொண்டு எல்லைகள் திருத்தப்பட்டன. புதிய எல்லைகளின்படி முதன்முதல் சட்டசபைத் தேர்தல் நடந்த மாநிலம் கர்நாடகமே, ஆண்டு 2008. அதுவரை நகரத்தையும் சுரங்கக் குடியிருப்புகளையும் பெரும்பகுதியாகக் கொண்டிருந்த தங்கவயல் தொகுதியோடு, கலைக்கப்பட்ட பேத்தமங்கலம் தொகுதியைச் சேர்ந்த கிராமங்கள் இணைந்தன. கன்னடமும் தெலுங்கும் பேசும் உழவர்கள் பெருந்தொகையாக உள்ளே வந்தனர். விளைவு உடனே தெரிந்தது. 2008இல் பாரதீய ஜனதா கட்சியின் ஒய். சம்பங்கி வென்றார், 2013இல் அதே கட்சியின் சார்பில் அவருடைய தாயார் ஒய். ராமக்கா வென்றார். 2018இலும் 2023இலும் காங்கிரசின் எம். ரூபகலா வெற்றி பெற்றார். இவர் கோலார் மக்களவைத் தொகுதியில் 1991 முதல் தொடர்ந்து 7 முறை வென்ற கே. எச். முனியப்பாவின் புதல்வி. ஆக, 25 ஆண்டுகள் உள்ளே வரமுடியாதிருந்த பெருங்கட்சிகள் இப்போது தங்கவயலைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன.

இதைத் தமிழர்க்கு இழைக்கப்பட்ட அநீதி என்று சொல்லுவோர் உண்டு. சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். மக்கள்தொகை ஓரிடத்தில் குறைந்து வேறிடத்தில் பெருகும்போது எல்லைகளைத் திருத்தாமலிருந்தால், ஒருவருடைய வாக்கு மற்றவருடைய வாக்கைவிடக் கனமாகிவிடும், அதுவும் அநீதியே. மேலும், பேத்தமங்கலம் தங்கவயலுக்கு அந்நியமான ஊர் அன்று. பாலாற்று நீரைத் தேக்கி வைக்கும் பேத்தமங்கலத்து ஏரியிலிருந்துதான் தங்கவயலுக்குக் குடிநீர் வந்தது. சுரங்கத்திலிருந்து மேலேறி வந்த தொழிலாளி குடித்தது அந்த உழவர்களின் ஏரி நீரை. அதே பாலாறுதான் கீழே இறங்கி, அந்தத் தொழிலாளியின் பாட்டன் புறப்பட்டு வந்த வட ஆற்காட்டு மண்ணுக்குள் நுழைகிறது. தண்ணீர் முன்னமே இணைத்து வைத்த இரண்டு கூட்டத்தாரைத் தேர்தல் வரைபடம் பின்னால் இணைத்தது என்று சொன்னாலும் தகும்.

ஆயினும் கவலைப்பட ஒன்று இருக்கிறது. முந்திய தங்கவயலின் தேவைகள் தனித்தன்மை உடையவை. ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மண்மேடுகள் காற்றடித்தால் வீட்டுக்குள் தூசியாக வருகின்றன. அம்மேடுகளில் மிஞ்சியிருக்கும் பொன்னை எடுப்பதற்கான மத்திய சர்க்காரின் திட்டத்துக்குக் கர்நாடக மந்திரிசபை 2024இல் இசைவு தந்தது. அதனால் வரும் வேலை யாருக்கு? கிளம்பும் தூசி யாருக்கு? தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த சுரங்க வீடுகளின் உரிமை என்ன ஆகும்? இவற்றைக் கேட்பதற்குச் சங்கமும் இல்லை, தனித் தொகுதியும் இல்லை. இனிமேல் இக்கேள்விகள் தமிழில் மட்டும் எழுந்தால் சட்டசபையை எட்டமாட்டா. பேத்தமங்கலத்து உழவரும் அவற்றைத் தம் கேள்விகளாக ஏற்றால்தான் எட்டும். அதற்கு முதற்படி, உழவரின் ஏரியையும் விளைபொருள் விலையையும் தங்கவயல் மக்கள் தம் கேள்விகளாக ஏற்பது. தங்கவயல் முற்காலத்தில் இதைச் செய்திருக்கிறது. மொழி பாராமல் வாசனையும் நரசிம்மனையும் அனுப்பிய ஊர் அது.

நேயர்களே! பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர்கள் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலாவது, வாக்குரிமை பிறந்த ஊரைப் பொறுத்ததன்று. ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அந்தத் தொகுதிக்கு உரியது. சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கட்டும், ஆண்டுக்கொருமுறை போகிறோமே என்று எண்ணிக்கொண்டு, வாழும் ஊரில் பெயர் பதியாதவர் பலர். இரண்டு இடங்களிலும் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. 18 வயது நிரம்பியவர் புதிதாகப் பதிவு செய்ய 6ஆம் எண் படிவமும், குடிபெயர்ந்தவர் முகவரி மாற்ற 8ஆம் எண் படிவமும் இருக்கின்றன. நம் குழந்தை எந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறதோ, நம் குழாயில் எந்த ஊர்த் தண்ணீர் வருகிறதோ, அந்த ஊரின் ஆட்சியில் நம் வாக்கு இல்லையென்றால் குறை யாருடையது?

இரண்டாவது, பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மவர் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடக்கூடாது. அவருடைய அதிகாரம் எதுவரை செல்லும், நம் குறை யார் கையில் தீரும் என்பதை அறிந்து வாக்களிக்கவேண்டும். தங்கவயல் மக்கள் சட்டசபைக்கு நல்லவர்களை அனுப்பினார்கள். அவர்களுடைய வாழ்வைத் தீர்மானித்த முடிவோ வேறிடத்தில் எடுக்கப்பட்டது. மூன்றாவது, எண்ணிக்கையால் வரும் பலம் நிலையானதன்று. ஒரு தொழிற்சாலை மூடப்படுவதாலும், எல்லைக்கோடு நகர்வதாலும் அது ஒரே நாளில் கரைந்துபோகலாம். அண்டை அயலாரோடு ஏற்படுத்திக்கொண்ட நட்பினால் வரும் பலம் அவ்வளவு எளிதில் கரைவதில்லை.

தங்கவயலின் பொன் தீர்ந்துவிட்டது என்று கணக்குப் புத்தகங்கள் சொல்லலாம். அவ்வூர் மக்கள் 1952 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் யாருக்கும் கட்டுப்படாமல் கேள்வி கேட்டு வாக்களித்த பழக்கம் தீர்ந்துவிடவில்லை. வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது. அடுத்த தேர்தலிலும் அவர்கள் விரலை நீட்டுவார்கள். அந்தப் பட்டியலில், வாழும் இடத்தில், நம் பெயரும் இருக்கிறதா என்று நாம் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வோமாக.